நெடுவரிசை எஃப்

வத்தலக்குண்டிலிருந்து ஏறிய முதல் பேருந்தில்
இரண்டு மடிக்கணினி, ஒரு ஸ்கேனர்,
கொண்டை ஊசி வளைவுகள் கலக்கிய வயிறு:
பயிற்சியாளர் ஜெசிந்தா தாண்டிக்குடியில் இறங்கினார்.
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கேட்டார்,
‘டவர் எங்க கிடைக்கும்?’
தாழிகள் இருக்கும் அறையில் ஒரு கோடு.
கழிவறைப் பக்கம் இரண்டு.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் அடியில் மூன்று.
அங்கேதான் மேசையைப் போட்டோம்.

காட்சியகத்தில் நாங்கள் மூன்று பேர்.
நான் இளநிலை உதவியாளர், ஓய்வுக்கு நான்கு வருடம்.
காவலர் சடையாண்டி, பகலும் அவரே இரவும் அவரே.
பெருக்கித் துடைக்க நாச்சி, தினக்கூலி,
சுற்றறிக்கையில் அவள் பெயர் இல்லை.

முதல் நாள் சுட்டியைப் பிடிக்கப் பழகினோம்.
சடையாண்டி அதைக் கோழிக்குஞ்சைப்போல ஏந்தினார்,
எங்கே செத்துவிடுமோ என்று.

இரண்டாம் நாள் பழைய பதிவேடு.
ராமபாணம் தின்றது போக மிச்சம்.
மூன்றாவது அலமாரி, பன்னிரண்டாவது பொருள்:
3-12 என்று அடித்தேன்.
கட்டம் ஒரு நொடி யோசிக்கவில்லை,
மூன்று டிசம்பர் என்றது.
ஈமத்தாழிக்குப் பிறந்தநாள் வைத்த அலுவலகம்
எங்களுடையதாகத்தான் இருக்கும்.
அழித்து அடித்தேன். மறுபடி டிசம்பர்.
‘முன்னால ஒத்தை மேற்கோள்குறி போடுங்க சார்.’
கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு வைப்பதுபோல் வைத்தேன்.
எண், எண்ணாகவே நின்றது.

எதனால் ஆனது என்று தொட்டால் பட்டியல் தொங்கும்:
கல் மண் மரம் உலோகம் மற்றவை.
தேனெடுக்கப் பாறைமுகட்டில் இறங்கும் கொடியேணி
மற்றவை ஆயிற்று.

நெடுவரிசை எஃப்: கொடுத்தவர் பெயர்.
சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் மேலே ஏறாது.
பதிவேட்டில் பச்சை மையில் யாரோ:
‘கொடியேணி ஒன்று. பளிய ஆளிடம் வாங்கியது. அரிசி இரண்டு படி.’
அடுத்த பக்கம்: பளியப் பெண். அதே பெண். இன்னொருவன்.
எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு வரி.
செம்பு அண்டா தந்த காபித் தோட்டக்காரருக்கு மட்டும்
முதலெழுத்து, தகப்பனார் பெயர், பங்களாவின் பெயர்.

‘தெரியாதுன்னு போடலாமா?’
‘போடலாம் சார், ஏத்துக்கும்.
ஒண்ணு அடிச்சிட்டு
மூலையப் பிடிச்சுக் கீழ இழுங்க,
மிச்சம் நாப்பத்தாறும் தானா ரொம்பிடும்.’
மூலையைப் பிடித்தேன்.

‘இழுக்காதீங்க.’
பின்னால் துடைதுணியோடு நாச்சி.
‘அந்த ஏணியில முடிச்ச பாத்தீங்களா?
இடமா சுத்தி உள்ள விட்டிருக்கும்.
அப்படிப் போடற வீடு ரெண்டுதான்.
கேட்டுட்டு வரேன்.’

மூன்றாம் நாள் காலை அவள் வரவில்லை.
கூட்டப்படாத தரையில்
நாங்கள் படம் ஏற்றக் கற்றுக்கொண்டோம்;
தொண்ணூற்றேழு சதவீதத்தில் மின்சாரம் போனது.
பிற்பகல் மூன்றுக்கு வந்தாள்,
ரேஷன் ரசீதின் பின்புறம் ஆறு பெயர்கள்,
ஒன்றை நான் தப்பாக வாசித்தேன்,
இன்னொன்றையும்.
‘நானே அடிக்கறேன்.’
‘தினக்கூலிக்கு லாகின் உண்டா?’ என்றேன்,
கேட்டிருக்க வேண்டாம்.
‘வந்தது மூணு,’ என்றார் ஜெசிந்தா, ‘இருக்கறதும் மூணு பேர்.’

மீதி நாற்பத்தொன்றில்
‘கேட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்று அடித்துப் பார்த்தேன்.
அதையும் ஏற்றுக்கொண்டது.

கடவுச்சொல்லுக்கு எட்டு எழுத்து, ஓர் எண், ஒரு குறி.
‘திரும்பிக்கோங்க,’ என்றாள் நாச்சி.
நான், ஜெசிந்தா,
பதினோரு வருடமாக எல்லாச் சாவியையும்
இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் சடையாண்டி,
மூவரும் மிளகுக்கொடியைப் பார்த்தபடி நின்றோம்.
ஒற்றை விரல் தட்டும் சத்தம்.
நின்றது. மறுபடி.
கீழே மூன்றரை மணிப் பேருந்து ஹாரன் அடித்தது.
ஜெசிந்தா அசையவில்லை.