மேல்தட்டு, கீழ்த்தட்டு

புவேப்லா நகரில், ஆற்றுக்கு இக்கரைக் கோயிலில்
எனக்கு எழுதுகிற வேலை.
ஞானஸ்நானப் புத்தகம் இரண்டு.
மேல்தட்டில் ஸ்பானியர் புத்தகம்: ஆட்டுத்தோல் அட்டை,
தூசி தட்ட ஒரு கோழியிறகு.
கீழ்த்தட்டில் மற்ற எல்லாரும்.
அது தடிமன். முதுகு பிய்ந்தது.
வருஷத்துக்கு இருமுறை நான்தான் தைப்பேன்.

மற்றவர் என்றால் சும்மா மற்றவர் இல்லை.
மெஸ்தீசோ, முலாட்டோ, ஓநாய் என்று படி இறங்கும்.
படம் வரைகிறவர்கள் இன்னும் இறங்கினார்கள்:
ஒரு பிள்ளைக்குப் 'பின்னால் குதித்தது' என்று பெயர்,
ஒன்றுக்கு 'அந்தரத்தில் நில்',
மூச்சு வாங்கிய இடத்தில்
'நீ எனக்குப் புரியவில்லை.'
அதுவும் ஒரு சாதி.

பாதிரியார் தோன் பாஸ்குவால் அதிகம் விசாரிக்கமாட்டார்.
பிள்ளையைத் தெற்குச் சன்னலுக்கு உயர்த்துவார்.
'மேலே' என்பார். அல்லது 'கீழே.'
இத்தனை வருஷத்தில் நான் கண்டது,
ஆகஸ்ட் மழையிருட்டில்
கீழ்த்தட்டுக்குப் பிள்ளைகள் அதிகம்.
மார்ச்சில் பிறந்தால் கொஞ்சம் வெளுப்பு.

சேணம் தைக்கிற மகாரியோவின் மனைவி ப்ரூதென்சியா
இரட்டைப் பிள்ளைகளோடு வந்தாள்.
இலாரியோவை உயர்த்தும்போது வெயில்.
ஹெர்வாசியோவை உயர்த்தும்போது
மலின்ச்சே மலைப்பக்கமிருந்து ஒரு மேகம்.
'மேலே.'
'கீழே.'
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
'எழுது' என்றார். சாப்பாட்டு மணி அடித்திருந்தது.

போகிறபோது அவள் என் மேசையருகே நின்றாள்.
'பக்கத்துப் பக்கத்தில்தானே எழுதினீர்கள்?
ஒருவன் கை படாமல் மற்றவன் தூங்கமாட்டான்.'
ஆமாம் என்றேன்,
மை காய மணல் தூவிக்கொண்டே.

இருபத்திரண்டு வருஷம்.
இலாரியோ வெள்ளித் தட்டார் சங்கத்தில் சேர்ந்துவிட்டான்.
சான்று கேட்டு ஹெர்வாசியோ வந்தான்,
மேல்தட்டுப் புத்தகத்தைத் தானே திறந்தான்.
அண்ணன் பெயரில் விரலை வைத்துக் கீழே இறக்கினான்.
அடுத்தது ஒரு நோட்டரியின் மகள்.
'அப்போது நான் பிறக்கவில்லையா?'

குனிந்தேன். முழங்காலில் சத்தம்.
கீழ்த்தட்டிலிருந்து எடுத்து வைத்தேன்.
படித்தான். இரண்டு முறை.
இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வைத்துக்
கையெழுத்தைப் பார்த்தான்.
மைக்கூட்டை எட்டாமல் நகர்த்தி வைத்தேன்.

அவனோ பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளி,
பழுத்துப்போன தாள்களுக்கு நடுவே,
தையலருகே ஓர் ஓரத்தில் நின்றான்.
'இது?'
'எலி.'
'எலி இவ்வளவு நேராகவா தின்னும்?'

அங்கே யார் பெயர் இருந்ததென்று கேட்கவில்லை.
என் புறங்கையைப் பார்த்தான்,
சன்னல் பக்கம் இருந்த கையை.
மேசைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.
வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள்.

'எலி இன்னும் இருக்கிறதா?'
'இருக்கிறது. கிழடு.'
'என்ன கேட்கும்?'

இடுப்புப் பையை அவிழ்த்து வைத்தான்.
நான் எண்ணவில்லை.
மேல்தட்டுப் பக்கத்தில்
அண்ணன் பெயருக்கும் நோட்டரி மகளுக்கும் நடுவே
எத்தனை விரற்கடை என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.