கவிழ்க்கிற கை

முதல் நாள் வலது கையைத்
துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு
பல் தீட்டினேன், சோறு தின்றேன்,
இடது கையால் குறிப்பு எழுதினேன்.
எங்கள் பயிற்சிக் கையேட்டில் இதற்கொரு பெயர் உண்டு.
நகுலாம்பிகை கேட்டாள்:
"பின்னேரம் அவிட்டுப்போட்டியள்தானே?"

அவளுக்கு வலது கை முழங்கைக்கு மேலேயே முடிகிறது.
எப்படி என்று கேட்கப்
படிவத்தில் இரண்டு வரி விட்டிருந்தார்கள்.
விட்டபடியே விட்டேன்.

வளவு மூலையில் போன திட்டத்தின் உருட்டுப் பீப்பா.
நீலம். கொழும்பில் பரிசு வாங்கிய வடிவம்.
உள்ளே ஒரு கோழி அடை கிடந்தது.
"தண்ணி நிரப்பினால் மணலுக்கை தாழுது.
கோழிக்கெண்டால் நல்ல குளிர்ச்சி."

கிணறு இருபத்தெட்டு அடி,
ஆடியில் இன்னும் நாலு.
கயிற்றை இழுப்பாள், பல்லால் கடிப்பாள்,
கையை இறக்கிப் பிடிப்பாள், இழுப்பாள், கடிப்பாள்.
ஒரு வாளிக்குப் பதினேழு கடி.
முன்பல் ஒன்றில்
கயிற்றின் தடிப்பளவு பள்ளம்.

மல்லாவிச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும்
யூட் மரியதாஸ்
பழைய பிறீவீலைக் கப்பியோடு ஒட்டித் தந்தார்.
கயிறு அதில் இரண்டு சுற்று.
ஏறும்போது சுற்றும், இறங்கப் பார்த்தால் பிடிக்கும்,
நெம்பைத் தட்டினால் மட்டுமே விடும்.
டிக் டிக் டிக் என்று வாளி மேலே வந்த சத்தத்தில்
எனக்குக் கண் கலங்கியது.
படமும் எடுத்தேன்.

வாளி வந்து கப்பியடியில் நின்றது,
தளம்பிக்கொண்டு.
அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னை.
"இனி?"

இனி அதைப் பக்கத்துக்கு இழுத்து
ஒரு கை பிடிக்க
ஒரு கை கவிழ்க்க வேண்டும்.
என் வரைபடம் வாளி வந்து சேர்ந்ததோடு முடிந்திருந்தது.
அங்கிருந்து ஓர் அம்புக்குறி,
அதன் நுனியில் அழகான எழுத்தில்
தண்ணீர்.

இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்றேன்.
வயிற்றால் வாளியைக் கட்டோடு நெரித்துச் சரித்துக் காட்டினாள்.
பாதி குடத்துக்கு, பாதி வாழைக்கு.
"வாழை ஒருநாளும் குறை சொல்லேல்லை."

மூன்று நாள் வவுனியா விடுதியில்
மின்விசிறிக்குக் கீழே கோடு போட்டேன், அழித்தேன்.
பேரூந்தில் சுருட்டிக்கொண்டு வந்த தாளை
விரிக்கவே இல்லை.
கிணற்றுக்கட்டில் ஒரு பாலைக் கவட்டை,
முள்ளுக்கம்பியால் இறுக்கியிருந்தது.
வாளியின் அடியில் ஒரு சாவி வளையம்.
வளையத்தைக் கவட்டையில் கொழுவி
நெம்பைத் தட்டினாள்.
கயிறு தளர, வாளி தானே தலைகுனிந்து
ஒரு சொட்டு சிந்தாமல் குடத்துக்குள் ஊற்றியது.
வாழைக்கு ஒன்றும் இல்லை.
அதற்கென்று இன்னொரு வாளி அள்ளினாள்.

அறிக்கையில் வடிவமைப்பாளர் என்ற கட்டத்தில்
அவள் பெயரை எழுதினேன்.
தலைமைச் செயலகத்திலிருந்து அழைத்தார்கள்:
அந்தப் பெயர் பயனாளிகள் பட்டியலில் இருக்கிறதே,
ஓராளை இரண்டு இடத்தில் கணினி ஏற்காது.
எதை அழிக்கட்டும்?
நான் பதில் சொல்வதற்குள்
ஏதோ ஒன்றை அழித்துவிட்டார்கள்.

கார்த்திகை மழைக்குப் பிறகு
வேறு அலுவலாக மல்லாவிக்குப் போனேன்.
கடைச் சுவரில் என் படம், ஒயில் கறையோடு.
கவட்டையின் உயரம் பதினான்கு அங்குலம் என்றிருந்ததை வெட்டி
பென்சிலில் பன்னிரண்டு.
கீழே இன்னொரு கையெழுத்து:
துணுக்காய்ப் பிள்ளைக்கு இடது கை. மாத்திப் போடவும்.
பால்மா டின்னுக்குள் எண்ணெயில்
ஐந்து பிறீவீல் ஊறிக் கிடந்தன.

யூட் பங்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
"வாங்கோ தங்கச்சி.
அந்த ரியூபின்ரை மற்ற நுனியை
ஒருக்காப் பிடியுங்கோ."