பிற காரணங்கள் இருப்பின்

படிவத்தில் பதினோராவது கட்டம் அது.
முன்னால் உள்ள பத்தும் எளிது:
பெயர், வயது, எந்தக் கை,
மருந்துக் குப்பியின் தொகுதி எண்,
ஊசி போட்ட நேரம், உடம்பு முடியாமல் போன நேரம்.

சிப்காட் பின்மதிலை ஒட்டிய தெருவில்
ஸ்கூட்டியை நிறுத்திக் கேட்கிறேன்,
தலைவலி எப்போது ஆரம்பித்தது?
இறால் உரிக்கிற கையை நிறுத்தாமல்
தையல்நாயகி கேட்கிறாள்:
"எந்தத் தலைவலி நர்சம்மா?"

அழுகின முட்டை வாசம் வருகிற ராத்திரிக்கு ஒரு வலி.
நகப்பூச்சு வாசத்துக்கு நெற்றிப்பொட்டில் வேறொன்று.
புதன்கிழமை நான் போட்ட ஊசிக்கு வந்தது
பின்மண்டையில். ஒரு மாத்திரைக்கு அடங்கிவிட்டது.
"அது நல்ல தலைவலிம்மா, சொன்னா கேட்டுச்சு."
எழுதுகிறேன்: லேசானது. குணமானது.
சொன்னால் கேட்டது என்று எழுத இடமில்லை.

பாவாடையிடம் ஒரு நோட்டு இருக்கிறது,
மளிகைக்கடையில் பற்று எழுதுகிற நீள நோட்டு.
எட்டு வருஷமாக அதில் வாசம் எழுதுகிறார்:
மணி, காற்று வந்த திசை, எதைப் போல் இருந்தது.
நகல் எடுத்து எந்தெந்த ஆபீசுக்கோ அனுப்பி
ஒப்புகை அட்டைகளை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறார்.
முகாமுக்கு மறுநாள் அதே நோட்டில்
புதிதாய் ஒரு கோடு கிழித்திருந்தார்.
ஊசி போட்டவர் முப்பத்தேழு. காய்ச்சல் பதினொன்று.
கை தூக்க முடியாதவர் ஆறு,
அதில் நாலு பேருக்கு ஒருநாள் கூலி போச்சு.
கூலிக்கும் என்னிடம் கட்டமில்லை.

மேலிடத்திலிருந்து போன்.
"பக்கத்து ஊரெல்லாம் பூஜ்யம் வந்திருக்கு.
நீ மட்டும் எழுதினா
நாளைக்கு எவன் சட்டையை மடிப்பான்?"

கம்பெனி வாசலில் ஒரு மின்பலகை உண்டு.
நாங்கள் மூக்கைப் பொத்தியபடி கடக்கும்போதும்
அதில் எண்கள் பச்சையாகத்தான் எரியும்.
இந்தத் தெருவுக்குப் பூஜ்யத்தைப் பற்றி
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
போனில் அதைச் சொல்லவில்லை.
சரிங்க சார் என்றேன்.
பதினொன்று என்றே எழுதினேன்.

கொளஞ்சி வீட்டுக்கு இரண்டு தரம் போய்
வாசலோடு திரும்பிவிட்டேன்.
அவள் புருஷன் போனது ஊசி போட்ட ஆறாம் நாள்.
மூன்றாம் தரம் அவளே கூப்பிட்டாள்.
எதிர்பார்த்துப் போனேன், திட்டுவாள் என்று;
அல்லது, ஊசியால்தான் என்று எழுதச் சொல்வாள் என்று.
"நீ எதையும் முடிவு பண்ணாத.
அவரு போனாருன்னு எழுது.
எண்ணுறவங்க எண்ணட்டும்."

பிற காரணங்கள் இருப்பின் குறிப்பிடுக.
சர்க்கரை, பதினாலு வருஷம்.
டிரம் உருட்டியது இருபத்திரண்டு வருஷம்,
கையுறை இல்லாமல்.
நெஞ்சுச் சளி, எப்போதிருந்து என்று அவளுக்கே தெரியாது.
அன்று ராத்திரி காற்று நின்றுபோய்
வாசம் தெருவிலேயே தங்கியிருந்தது
என்று பாவாடையின் நோட்டு சொல்கிறது.
கட்டம் என் கட்டைவிரல் அகலம்.
தனித்தாளில் எழுதிக் குண்டூசியால் குத்தினேன்.
காரணம் எது என்று எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதையும் எழுதினேன்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.

இரண்டாம் தவணைக்குக் கொளஞ்சி வந்தாள்,
வரிசையில் ஏழாவதாக.
"பதில் வந்துச்சா?"
இல்லை.
"அப்ப அதையும் எழுதிக்கோ" என்று
முழங்கைக்கு மேல் ரவிக்கையைச் சுருட்டினாள்.
என் விரல் ஒரு நிமிஷம் தடுமாறியது.
அவள் கை ஆடவில்லை.

அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்தாள்.
இருபதாவது நிமிஷம் காற்று திரும்பியது.
வரிசை மொத்தமும், நானும்,
முந்தானையோ துண்டோ கைக்கு வந்ததை எடுத்து
முகத்தில் வைத்துக்கொண்டோம்.

பாவாடை மணி பார்த்தார்.
எந்தக் கோட்டுக்குக் கீழே எழுதுவது என்று
பேனாவைத் திறந்தபடி
கொஞ்ச நேரம் நின்றார்.