நூல் தெரிந்த கப்பல்

காலனியில் ஃபோர்மேன் வரதப்பன் வீட்டில் மட்டும்தான் டிவி.
ஞாயிறு பத்து மணிக்கு
செருப்புகள் வாசலில் குவியும்.
ஸ்டெபிலைசர் முள் இருநூறைத் தொடும்வரை
யாரும் வாய் திறக்க மாட்டோம்.

கப்பல் வரும்,
கறுப்பு வெள்ளையில், லேசாக நடுங்கியபடி.
மேலே கட்டிய நூல் தெரியும்.
தெரியுது என்று சொன்ன ஒருவனை
வெளியே அனுப்பிவிட்டோம்.

பேச்செல்லாம் இங்கிலீஷ்.
கான்வென்ட்டில் படித்த இஞ்ஞாசி
ஒரு வாக்கியம் பின்தங்கியே சொல்லிக்கொண்டு வருவான்:
"ஆக்ஸிஜன் ரெண்டு நாளைக்குத்தான் இருக்காம்."
"அந்தப் பச்சை ஆளு இருக்கான்ல" –
கறுப்பு வெள்ளையிலும் அவனுக்குப் பச்சை தெரிந்தது –
"அவனுக்கு அம்மா கெடையாதாம். மெஷினு பெத்ததாம்."
அடுப்படியிலிருந்து சுலோச்சனா அக்கா
"அய்யோ பாவம்" என்பாள், தாளிப்பை விடாமல்.

முடிந்ததும் ஓட்டம்,
கம்பெனி வேலிக்கு அந்தப் பக்கம்.
மாக்னசைட் வெட்டியெடுத்த பள்ளம்.
கண் கூசும் வெள்ளை. ஒரு புல் கிடையாது.
எவரோ எங்கோ அட்டையில் செய்த கிரகம்
சேலத்தில் நிஜமாகவே கிடந்தது.
சங்கு ஊதினால்
தலையில் ஹெல்மெட்டோடு
புருவம்வரை வெளுத்து
மெதுவாக மேலேறி வருவார்கள் எங்கள் அப்பாக்கள்.
எந்தக் கிரகத்திலிருந்து வந்தாலும்
முதலில் கேட்பது தண்ணீர்தான்.
பிறகு இருமல்.

கடைசிப் பகுதியன்று
கேப்டன் கதவில் கைவைத்தார், கரண்ட் போனது.
திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.
ஃபேன் நின்ற அமைதியில் இஞ்ஞாசி சொன்னான்:
"அவரு திரும்பல. அங்கயே இருந்துட்டாரு.
அடுத்த கப்பலுக்கு யாராச்சும் லைட்டு காட்டணும்ல."
கரண்டே இல்லாமல் உனக்கெப்படித் தெரியும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அஸ்தம்பட்டி, மூன்றாவது மாடி,
சுவரளவு திரை.
மகள் நிலானி எட்டுப் பகுதியையும்
ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுத் தூங்கப் போகிறாள்.
அவள் கப்பல்களுக்கு நூல் இல்லை,
கதவில் துருகூடத் தெரிகிறது.
நன்றாகத்தான் எடுக்கிறார்கள். பொய் சொல்வானேன்,
நாலாவது பகுதியில் நான் அழுதேன்.
கண்ணைத் துடைப்பதற்குள்
ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணத் தொடங்குகிறது.
ராக்கெட்டுக்கு எண்ணிய எண்ணிக்கை
என்னைச் சோபாவிலிருந்து
அதே சோபாவுக்கு ஏவுகிறது.

போன வாரம் அவள்தான் தேடிப் பிடித்தாள்,
கீழே எழுத்து ஓட, கடைசிப் பகுதி.
"இதானேம்மா?"
கதவு திறந்தது.
உள்ளே மீட்புக் குழு. கைகுலுக்கல்.
யாரோ ஒரு ஜோக் அடிக்க, எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள்.
முன்பகுதிகளையும் ஓட்டிப் பார்த்தேன்.
ஆக்ஸிஜனைப் பற்றி யாரும் பேசவேயில்லை.
பச்சை ஆள் கேட்டதெல்லாம் எரிபொருள் கணக்கு.
"நூல் தெரியுதும்மா" என்றாள் நிலானி.
நான் அவளை வெளியே அனுப்பவில்லை.

இஞ்ஞாசிக்குப் போன் போட்டேன்.
ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான்,
மலையேறிக்கொண்டிருந்தான்.
"எந்த சீரியலு? நெசமா நெனப்பில்ல மாது.
அது கெடக்கட்டும், புதுசா ஒண்ணு வந்திருக்கே, பாத்தியா?
ஒரு பொண்ணு, தனியா, வியாழனுக்குப் போறா..."
அதே குரல்.
அதே அவசரம், ஒரு வாக்கியம் பின்தங்கி.
கொண்டை ஊசி வளைவுகளில் பேச்சு அறுந்து அறுந்து வந்தது.
"கடசியில அந்தக் கதவத் தொறந்தா, உள்ள பாரு –"
சிக்னல் போய்விட்டது.

"என்னம்மா இருந்துச்சாம் உள்ள?"
நிலானி தேடிப் பார்க்கப் போனை எடுத்தாள்.
இரு என்றேன்.
பால்கனியிலிருந்து பார்த்தால்
சேர்வராயன் ஒரே கறுப்பு.
அதில் ஒரு வண்டி விளக்கு ஏறி, திரும்பி,
மறைந்தது.
அவனுடையதாக இருக்கலாம்.
அடுத்த வளைவில் வரட்டும்.