பெட்டர் தான்

சனிக்கிழமை இரண்டு மணி.
மாங்குளம் சந்தியில் உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா மணக்கும் படியேறிப் போனால்
அபிரஞ்சனி மிஸ்,
என்னிலும் பதினொரு வயது இளையவ.
அதையே முதல் வசனமாகச் சொல்லச் சொன்னா.
'ஐ ஆம் மோர் ஓல்டர்' என்றேன்.
'மோர் வேண்டாம் அக்கா,
ஓல்டருக்குள்ளேயே மோர் கிடக்கு.
ரெண்டு தரம் உப்புப் போடாதேங்கோ.'
'மோருக்கு உப்புப் போடத்தானே வேணும்'
என்றாள் பின்வாங்கிலிருந்து தவநிதி.
அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

எங்கள் பெரிசு
யாருக்குப் பக்கத்தில் நின்றாலும்
உடுத்தது மாற்றாமல் பெரிசாகவே நிற்கும்.
இங்கிலீசில் பக்கத்தில் ஒருவர் வந்தால் போதும்
சொல்லுக்கு வால் முளைக்கிறது.
குட்டுக்கு வாலுமில்லை. ஆளே வேறு: பெட்டர்.
ஏன் மிஸ் என்றால்
அது அப்பிடித்தான் என்கிறா.

மாசக் கடைசியில் நேர்முகம்.
செக்சன் லீடர் என்றால் பன்னிரண்டாயிரம் கூட.
ஆகவே கிழமை நாட்களில்
ஒட்டுசுட்டானுக்கு அப்பால் முதிரைக் காட்டில்
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழங்காலில் நின்று
கண்ணாடி மூடிக்குள் வேர்வை வழிய வழிய
எனக்கு நானே சொல்லிப் பழகினேன்.
சிவப்புத் தடி வெள்ளைத் தடியைவிடக் கிட்ட.
திங்கள் மண் வெள்ளி மண்ணைவிட இறுக்கம்.
துருப்பிடித்த ஆணிக்குக் கருவி கத்துவது மெல்லிசு,
மற்றதுக்கு
சிலவேளை அதுவும் அதே மெல்லிசு.
'அஸ் லவுட் அஸ்' என்று
மிஸ் பலகையில் எழுதிய நாள்
நானும் தவநிதியும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம்.
எங்களுக்கு அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

புதன்கிழமை காசு தரும் நாட்டிலிருந்து ஒருவர் வந்தார்.
மூக்கு வெயிலில் வெந்திருந்தது.
இப்போது வாழ்க்கை எப்படி என்றார்.
'பெட்டர் தான்' என்றேன்.

எங்கள் தான் போட்டால்
கதவைச் சாத்திக் கொளுவியது மாதிரி.
அவர் போகவில்லை.
பேனையைத் தூக்கியபடி, தலையைச் சரித்து
'தான்…?' என்றார்.
அவருடைய தானுக்குப் பின்னால்
ஒரு கதிரை வெறுமையாய்க் கிடக்கிறது.
யாரையாவது கூட்டிவந்து இருத்தவேணும்.

யாரை?
போன வருசத்தையா?
அதுவும் இதே மண், இதே முழங்கால்.
சண்டைக்கு முந்திய காலத்தையா?
நான் அதைக் கண்டதேயில்லை.
இரண்டாயிரத்தொன்பதை இருத்தலாம்.
அதை இருத்தினால் எல்லாமே பெட்டர்,
பல்லுக்குத்துக்கூட.
அப்படி அளப்பது களவுத் தராசு.

அந்த வருசத்தை விட
என்று மனசுக்குள் தமிழில் தொடங்கினேன்.
விட என்றால் எங்களுக்கு இரண்டு.
ஒன்று அளக்கிற விட.
மற்றது கையைத் திறக்கிற விட.
எதைச் சொல்ல வந்தேன் என்று எனக்கே பிடிபடவில்லை,
வசனம் அதற்கங்கால் நகரவுமில்லை.
அவருடைய பேனை இன்னும் மேலேதான் நின்றது.

விசில் ஊதிற்று.
'பெட்டர் தான் யெஸ்டர்டே' என்றேன் அவசரத்தில்.
எழுதிக்கொண்டார்.
இலக்கணம் சரி. பொய்யுமில்லை.
நேற்று முழுநாளும் ஆறு சதுர மீற்றர்,
இன்றைக்கு மத்தியானத்துக்குள்ளேயே ஏழு.

மூடியை இறக்கினேன்.
சனிக்கிழமை மிஸ்ஸிடம் கேட்கவேணும்,
தானுக்குப் பிறகு
ஒன்றும் வைக்காமல் விடலாமா என்று.
'கேட்டிடாதை' என்கிறாள் தவநிதி.
'அதுக்கும் ஒரு விதி வைச்சிருப்பா.'