பதினோரு மாதச் சாவி

மண்டபத்தில் எனக்கு அறை கிடைத்தது.
பதினோரு மாதத்துக்கு.

விண்ணப்பத்தில் ‘நிரந்தர முகவரி’ வந்ததும்
பேனா நின்றது.
பாம்பன் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளம்
என்று எழுதலாமா?
அதையும் போன ஐப்பசியில் விறகாக்கிவிட்டார்கள்.

“ஒரு கோடு கிழிச்சிரு, போதும்” என்றாள் செல்வமேரி,
என்னைவிட நாலு வயசு மூத்தவள்,
இங்கே சம்பளத்துக்கு இருப்பவள்.
அவளும் முன்பு கோடு கிழித்தவளாம்.

முதல் ராத்திரி
கச்சான் ஜன்னலுக்கு வெளியே நின்றே கத்தியது.
செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுத்தேன்.
மூன்று மணிக்கு எழுந்து
பூட்டினேன், திறந்தேன்,
மறுபடி பூட்டினேன்.
பக்கத்து அறையிலும்
அதே சத்தம்.

காலையில் குழாயடியில் சீனி காதர் கேட்டான்:
“பூட்டு உனக்கும் இறுகுதா?”

“எண்ணெய் விடணும்” என்றேன்,
பல் விளக்கியபடி.