செல்லாக்காசு

ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சுழியம்.
எண்ணிப் பாருங்கள், அவசரமில்லை,
உங்கள் ஹெலிகாப்டர் மூன்று மணிக்குத்தானே.

எண்ணுகிறார்கள். விரல் வைத்து, உதடு அசைத்து.
சிலர் பத்தில் தடுமாறி மறுபடி தொடங்குகிறார்கள்.
அதற்குள் விலையைச் சொல்லிவிடுவேன்:
ஐந்து டாலர்.
அமெரிக்க டாலர்.

விக்டோரியா ஃபால்ஸ் ஊரில்
பேக்கரிக்கும் படகுச்சவாரி அலுவலகத்துக்கும் நடுவே,
காட்டுப்பன்றிகள் முட்டி போட்டுப் புல் மேயும்
சாலை முனையில் என் கடை.
கடை என்றால் என் இரண்டு கைகள்.

பக்கத்தில் டிங்கிலிஸ்வே கல் நீர்யானை விற்கிறான்.
பேரம் படியாவிட்டால் பண்டமாற்று.
நேற்று ஒரு டென்மார்க்காரரின் காலுறைகளையும்
பாதி தீர்ந்த கொசுத் தைலத்தையும் வாங்கிக்கொண்டு
தாய் நீர்யானையைக் கொடுத்தான்.
குட்டிக்குத் தனி விலை.

என் சரக்கு செதுக்கியதில்லை, சம்பாதித்தது.
ஹ்வாங்கே நிலக்கரிச் சுரங்கத்தில்
அந்த ஜனவரிக் கடைசியில் கிடைத்த கூலியும் பாக்கியும்.
ஷிஃப்ட் முடிந்து முகம் கழுவுவதற்குள்
ரொட்டி விலை ஏறியிருந்தது.
வரிசையில் நிற்கும்போதே இன்னொரு தடவை ஏறியது.
என் முறை வந்தபோது
விலை இருந்தது, ரொட்டி இல்லை.

மாவுச்சாக்கில் போட்டுத் தூக்கி வந்தேன் பணத்தை.
அடுப்பு மூட்டக் கேட்டாள் சிபாதிசிவே.
கொடுக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் கிடையாது.

அவள் இப்போது முரசு விருந்தில் வேலை செய்கிறாள்.
விருந்தாளிகளுக்குத் தோளில் துணி போர்த்தி,
ஆளுக்கொரு முரசு கொடுத்து,
காட்டுப்பன்றி வறுவல் பரிமாறி,
மொபானே புழு ஒன்றை மென்று விழுங்கியவருக்குச்
சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தருகிறாள்.
வீட்டில் அதே புழுவைத்
தக்காளி வெங்காயத்தோடு வதக்கிக்
களிக்குத் தொட்டுக்கொள்கிறோம்.
எனக்கு இதுவரை ஒரு சான்றிதழும் வரவில்லை.

போன மாதம் புலவாயோவிலிருந்து
லுங்கிசா என்று ஒருவன் பை நிறையக் கொண்டுவந்தான்.
அதே நோட்டு. அதே பாறைகள்.
பின்பக்கம் அதே எருமை, அதே அருவி.
மை காய்ந்த வாசனை மட்டும் புதிது.
செல்லாக்காசுக்குக் கள்ளநோட்டு!
சிரித்துச் சிரித்து
டிங்கிலிஸ்வேக்குப் புரை ஏறிவிட்டது.
நானும் சிரித்தேன்.
சாக்கில் நான்கே நோட்டு மிச்சம்.
சாயங்காலம் அவனைத் தேடிப் போய் இருபது வாங்கினேன்.

இன்று, மூக்கு நுனி வெயிலில் உரிந்த ஒரு பெண்
நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
"அசல்தானே?"
பத்து வருடத்தில் ஆயிரம் பேர் கேட்ட கேள்வி.
இன்று முதல்தடவை நாக்கு புரளவில்லை.
இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை நீட்டினேன்.
ஒன்றின் ஓரத்தில் என் கட்டைவிரல்,
நிலக்கரியில் பதிந்தது,
எத்தனை தேய்த்தும் போகாதது.

"இது அழுக்காக இருக்கிறது," என்றாள்.
சுத்தமானதை எடுத்துக்கொண்டாள்.
மூன்று டாலருக்குப் படிந்தது.
புகைப்படம் இலவசம்.

பிறகு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன்.
கல்லாவில் இருந்தவள் என் மூன்று டாலரையும்
ஒவ்வொன்றாக விளக்கில் காட்டினாள்.
ஒன்று நடுவில் கிழிந்து டேப் ஒட்டியது.
"இது செல்லாது, பாபா."

அருவிப் பக்கம் புகைபோலத் திவலை எழுந்துகொண்டிருந்தது.
ஏதோ ஒரு ஹெலிகாப்டர்; மூன்று மணியாகியிருக்க வேண்டும்.

ரொட்டி கொடுத்தாள்.
பாக்கிக்குச் சில்லறை இல்லையாம்,
நான்கு மிட்டாய் எடுத்து வைத்தாள்.
ஒன்றை அங்கேயே பிரித்து வாயில் போட்டேன்.
ஆரஞ்சு.